டாக்டராக ஆசைப்படும் பிள்ளைக்குப் பிளஸ் ஒன்னில் எந்த குரூப்?

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்த மறுநாளே பள்ளிகளில் பிளஸ் ஒன் விண்ணப்பம் கொடுக்க ஆரம்பித்துவிடுகிறார்கள். தலைமை ஆசிரியர் அறையில் கால் மணி நேரம். "எந்த குரூப்?" என்று கேட்கிறார்கள். "டாக்டருக்குப் படிக்கணும் என்கிறாள்" என்று தாய் சொல்கிறார். மதிப்பெண்ணைப் பார்த்து, இடம் எதில் இருக்கிறது என்று பார்த்து, ஒரு குரூப்பை எழுதிவிடுகிறார்கள். அந்தக் கால் மணி நேரத்தில் எடுத்த முடிவின் விலை இரண்டு ஆண்டு கழித்து நீட் தேர்வின்போதுதான் தெரியவருகிறது.

ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் என்று நம் வடசென்னை மஹல்லாக்களில் துறைமுக வேலை, லாரி, சரக்குப் பெட்டக யார்டு, சிறு கடை என்று பிழைக்கும் குடும்பங்களே அதிகம். வீட்டில் முதல் பட்டதாரியே இந்தப் பிள்ளைதான் என்ற நிலையில், வழி சொல்ல ஆள் இருப்பதில்லை. ஜும்ஆ முடிந்ததும் பள்ளிவாசல் திண்ணையில் என்னிடம் இதைக் கேட்பவர்கள் பலர். நான் மதரஸாவில் ஓதியவன், கல்லூரியில் கலைப்பிரிவு படித்தவன். இயற்பியல் சொல்லிக் கொடுக்க எனக்குத் தெரியாது. ஆனால் விதிமுறைகளைப் படித்துச் சொல்ல முடியும். பல குடும்பங்கள் இந்த விதிகள் தெரியாமல்தான் தடுக்கி விழுகின்றன.

முதலில் சட்டம் என்ன கேட்கிறது?

எம்.பி.பி.எஸ். சேர மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல், வேதியியல், உயிரியல் (அல்லது உயிரித் தொழில்நுட்பம்) ஆகிய மூன்றும், கூடவே ஆங்கிலமும் படித்துத் தேறியிருக்க வேண்டும். கணிதம் கட்டாயம் இல்லை. இதைத் தெளிவாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஏனெனில் "மேத்ஸ் இல்லாமல் டாக்டர் ஆக முடியாது" என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அறிவியல் பாடங்கள் மூன்றிலும் சேர்த்துப் பொதுப்பிரிவினர் 50 விழுக்காடும், பிற்படுத்தப்பட்ட, பட்டியல் வகுப்பினர் 40 விழுக்காடும் எடுத்திருக்க வேண்டும். சேரும் ஆண்டின் டிசம்பர் 31க்குள் 17 வயது நிறைந்திருக்க வேண்டும். வயதுக்கு மேல்வரம்பு கிடையாது. ஹிஃப்ளு முடித்துவிட்டுத் தாமதமாகப் பள்ளிக்குத் திரும்பும் பிள்ளைகளுக்கு இது பெரிய ஆறுதல்.

அதன் பிறகு நீட். 180 கேள்விகள், 720 மதிப்பெண், மூன்று மணி நேரம். சரியான விடைக்கு 4, தவறான விடைக்கு 1 கழியும். இயற்பியலில் 45, வேதியியலில் 45, உயிரியலில் 90 கேள்விகள். அதாவது மொத்த மதிப்பெண்ணில் பாதி உயிரியலுக்கே போகிறது.

இந்தக் கணக்கு எப்போதும் இப்படி இருந்ததில்லை. தமிழ்நாட்டில் 1984 முதல் 2006 வரை மாநில நுழைவுத் தேர்வு இருந்தது. அதை எடுத்த பிறகு 2016 வரை பிளஸ் டூ மதிப்பெண்ணே போதும். உயிரியலுக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று 200க்குக் கட்-ஆஃப் போட்டார்கள். 2017இல் நீட் வந்தது. அந்த ஆண்டில் அரியலூர் மாவட்டம் குழுமூரைச் சேர்ந்த அனிதா, பிளஸ் டூவில் 1200க்கு 1176 எடுத்தும் இடம் கிடைக்காமல் உயிரை மாய்த்துக்கொண்டதை யாரும் மறந்திருக்க மாட்டோம். நீட்டிலிருந்து விலக்குக் கேட்டுச் சட்டமன்றம் 2021இலும் 2022இலும் மசோதா நிறைவேற்றியது. 2025 ஏப்ரலில் ஒப்புதல் மறுக்கப்பட்டதாக முதல்வர் அவையில் அறிவித்தார். இந்தத் தேர்வு நியாயமா என்ற வாதத்தில் எனக்கும் கருத்து உண்டு. ஆனால் இந்த ஜூனில் பிளஸ் ஒன் சேரும் பிள்ளையின் படிப்பை அந்த வாதத்தின் முடிவை நம்பித் திட்டமிட முடியாது. நீட் இருக்கும் என்றே வைத்துத்தான் குரூப் எடுக்க வேண்டும்.

பயோ-மேத்ஸா, பியூர் சயின்ஸா?

மாநிலப் பாடத்திட்டத்தில் டாக்டர் கனவுக்கு இரண்டு முக்கியக் கதவுகள் உள்ளன. இயற்பியல், வேதியியல், உயிரியல், கணிதம் சேர்ந்தது பயோ-மேத்ஸ். இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல் சேர்ந்தது பியூர் சயின்ஸ். கணிதத்துக்குப் பதிலாகக் கணினி அறிவியல், நுண்ணுயிரியல், மனையியல் போன்ற பாடத்தை உயிரியலோடு சேர்த்துத் தரும் குரூப்புகளும் சில பள்ளிகளில் உண்டு. இவை எல்லாமே நீட் எழுதத் தகுதி உள்ளவைதான்.

தகுதி இல்லாதவை எவை என்பதை இன்னும் கவனமாகப் பாருங்கள். கணிதத்தோடு கணினி அறிவியல் எடுக்கும் குரூப்பில் உயிரியல் இல்லை. தொழிற்கல்வியில் "நர்சிங்" என்ற பெயரைப் பார்த்து, ஆஸ்பத்திரி சம்பந்தப்பட்ட படிப்புதானே, பிறகு டாக்டருக்குப் போகலாம் என்று சில பெற்றோர் சேர்த்துவிடுகிறார்கள். அதில் இயற்பியலும் வேதியியலும் கிடையாது. அந்தப் படிப்புக்கு அதற்கான மதிப்பு உண்டு, ஆனால் அது நீட்டுக்குப் போகும் வழி அல்ல.

2023 நவம்பரில் தேசிய மருத்துவ ஆணையம் ஒரு தளர்வு தந்தது. பிளஸ் டூ முடித்த பிறகு உயிரியலைக் கூடுதல் பாடமாக எழுதித் தேறினாலும் நீட் எழுதலாம். கம்ப்யூட்டர் குரூப் எடுத்துவிட்டு மனம் மாறிய பிள்ளைக்கு இது ஒரு ரஹ்மத். ஆனால் இதை நம்பி இப்போதே தவறான குரூப்பில் சேர்ப்பது புத்திசாலித்தனம் இல்லை. ஆசிரியரும் ஆய்வகமும் இல்லாமல் வீட்டில் உட்கார்ந்து உயிரியலை முழுதாகப் படிப்பது எல்லோராலும் ஆகிற காரியம் அல்ல.

இனி அந்த இரண்டில் எது? பயோ-மேத்ஸ்தான் "ஃபர்ஸ்ட் குரூப்", அதுதான் கெளரவம் என்ற எண்ணம் நம் வீடுகளில் ஊறிப்போயிருக்கிறது. அதன் உண்மையான நன்மை வேறு. மருத்துவம் கிடைக்காவிட்டால் பொறியியல் கதவு திறந்தே இருக்கும், கணிதப் பட்டப்படிப்பும் கைவசம் இருக்கும். இயற்பியலுக்குத் தேவையான வகைக்கெழு, தொகையீடு, திசையன் எல்லாம் கணித வகுப்பிலேயே வந்துவிடும். நஷ்டம் என்ன? பிளஸ் டூ கணிதம் நேரத்தை விழுங்கும். தினமும் ஒன்றரை, இரண்டு மணி நேரம் கணக்குப் போடாமல் அதில் நல்ல மதிப்பெண் வராது. நீட்டில் அதற்கு ஒரு மதிப்பெண்கூட இல்லை.

பியூர் சயின்ஸில் தாவரவியலும் விலங்கியலும் தனித்தனி முழுப் பாடங்கள். பயோ-மேத்ஸில் இரண்டும் ஒரே உயிரியல் பாடத்துக்குள் ஆளுக்குப் பாதியாக அடங்கிவிடும். நீட்டின் பாதி மதிப்பெண் உயிரியலில் இருக்கும்போது, அதற்கு வகுப்பறையில் இரு மடங்கு நேரம் கிடைப்பது சாதாரண விஷயம் அல்ல. ஆனால் பியூர் சயின்ஸ் பிள்ளைக்கு இயற்பியல் கணக்கில் கால் இடறும். சைன், காஸ், மடக்கை, வரைபடத்தின் சாய்வு, எளிய வகைக்கெழு இவை தெரியாமல் விசையியல் அத்தியாயத்தைத் தாண்ட முடியாது. 2025 நீட்டில் இயற்பியல்தான் பிள்ளைகளை அழவைத்தது என்று தேர்வு எழுதியவர்கள் பரவலாகச் சொன்னார்கள்.

என்னிடம் கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான். பத்தாம் வகுப்பில் பிள்ளை கணக்கை எப்படிப் போட்டது என்று பாருங்கள். மதிப்பெண் மட்டும் போதாது. பயப்படாமல், டியூஷன் தள்ளிக்கொண்டு போகாமல் போட்டதா? அப்படியானால் பயோ-மேத்ஸ். கணக்கு என்றாலே வயிற்றைக் கலக்கும் பிள்ளை, ஆனால் உயிரியல் புத்தகத்தைக் கதைப் புத்தகம்போல் படிக்கிறது என்றால், தயங்காமல் பியூர் சயின்ஸ் எடுங்கள். பத்தாம் வகுப்பு முடிந்த விடுமுறையில் இயற்பியலுக்குத் தேவையான கணக்கை மட்டும் ஒரு மாதம் யாரிடமாவது கற்றுக்கொள்ளட்டும். மஹல்லாவில் பொறியியல் படித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருக்கும் தம்பிகள் இருப்பார்கள், அவர்களிடமே கேட்கலாம். பக்கத்து வீட்டுப் பிள்ளை எந்த குரூப் என்பது இந்த முடிவில் வரவே கூடாது.

இமாம் கஸ்ஸாலி தம் இஹ்யாவின் கல்வி பற்றிய பகுதியில், ஊருக்குக் கட்டாயம் தேவைப்படும், சிலராவது கற்றே ஆக வேண்டிய பர்ளு கிஃபாயா கல்விக்கு எடுத்துக்காட்டாக மருத்துவத்தையும் கணக்கையும்தான் சேர்த்துச் சொல்கிறார். எல்லோரும் ஃபிக்ஹ் வாதங்களுக்கு ஓடுகிறார்கள், மருத்துவத்துக்கு ஆள் இல்லை என்று அவர் தம் காலத்து ஊர்களைப் பார்த்து வருந்தியதும் அங்கேதான்.

பிளஸ் ஒன் ஓய்வெடுக்கும் ஆண்டு அல்ல

நீட் பாடத்திட்டத்தில் பதினொன்றாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் ஏறத்தாழச் சமம். மனித உடலியங்கியல் முழுவதும் பிளஸ் ஒன்னில்தான் வருகிறது. சுவாசம், இரத்த ஓட்டம், கழிவு நீக்கம், நரம்பு, ஹார்மோன் எல்லாம் அங்கே. இயற்பியலில் விசையியலும் வெப்பவியலும், வேதியியலில் மோல் கணக்கும் கரிம வேதியியலின் அடிப்படையும் அங்கேதான். பிளஸ் ஒன் மோல் கணக்குப் புரியாத பிள்ளைக்குப் பிளஸ் டூ வேதியியலில் பாதி மூடிய கதவு.

முன்பு பல தனியார் பள்ளிகளில் பிளஸ் ஒன் பாடத்தைத் தொடாமலேயே பிளஸ் டூவை இரண்டு ஆண்டு நடத்தினார்கள். அதைத் தடுக்கத்தான் 2017-18இல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு கொண்டுவந்தார்கள். 2025இல் வெளியான மாநிலக் கல்விக் கொள்கை அந்தத் தேர்வை நீக்கிவிட்டது. பிள்ளைகளின் சுமை குறைந்தது உண்மை. பழைய பழக்கம் திரும்புமோ என்ற கவலையும் உண்மை. ஆகவே பள்ளியில் சேர்க்கும்போதே கேளுங்கள். பிளஸ் ஒன் பாடத்தை முழுதாக நடத்துவீர்களா? இயற்பியலுக்கு முதுகலை ஆசிரியர் பணியிடம் நிரம்பியிருக்கிறதா, காலியா? தாவரவியல், விலங்கியல் இரண்டுக்கும் தனித்தனி ஆசிரியர் உண்டா? ஆய்வகத்தில் செய்முறை உண்மையிலேயே நடக்கிறதா, அல்லது பிப்ரவரியில் மட்டும் கதவு திறக்கிறார்களா? கட்டணம் எவ்வளவு என்று கேட்கும் நாம் இந்தக் கேள்விகளைக் கேட்பதில்லை.

புத்தக விஷயத்தில் ஒரு வார்த்தை. 2018-19இல் வந்த நம் மாநிலப் புதிய பாடநூல்கள் நல்லவை, விரிவானவை. அதோடு என்.சி.இ.ஆர்.டி. உயிரியல் புத்தகங்கள் இரண்டையும் வரி விடாமல் படிக்க வேண்டும். நீட் உயிரியல் கேள்விகள் பெரும்பாலும் அந்த வரிகளை ஒட்டியே வருகின்றன. அந்தப் புத்தகங்கள் என்.சி.இ.ஆர்.டி. தளத்திலேயே இலவசமாகக் கிடைக்கின்றன. ஆயிரக்கணக்கில் கொடுத்து வழிகாட்டி நூல் வாங்கும் முன் இவை இரண்டும் வீட்டில் இருக்கட்டும்.

தமிழ்வழிப் பிள்ளைகள் நீட்டைத் தமிழிலேயே எழுதலாம். கேள்வித்தாளில் ஆங்கிலமும் தமிழும் சேர்ந்தே இருக்கும். மொழிபெயர்ப்பில் ஐயம் வந்தால் ஆங்கில வடிவமே இறுதி. 2018இல் தமிழ்க் கேள்வித்தாளில் 49 கேள்விகளில் பிழை இருந்ததாக வழக்கு நடந்து, உயர்நீதிமன்ற மதுரைக் கிளை 196 கருணை மதிப்பெண் தரச் சொன்னது. உச்சநீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்துவிட்டது. எனவே தமிழில் படிக்கும் பிள்ளை ஒவ்வொரு அறிவியல் சொல்லுக்கும் பக்கத்திலேயே ஆங்கிலச் சொல்லையும் எழுதிப் பழக வேண்டும். தமிழ்வழியில் படிப்பது குறை இல்லை. அந்தச் சொற்பட்டியல் இல்லாமல் போவதுதான் குறை.

எந்தப் பள்ளி என்பது எந்த குரூப் என்பதைவிடப் பெரிய கேள்வி

இந்தப் பகுதியை ஆறாம் வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோரும் படிக்க வேண்டும்.

2020இல் தமிழ்நாடு அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்து, நீட்டிலும் தேறிய மாணவர்களுக்கு எம்.பி.பி.எஸ்., பல் மருத்துவம், இந்திய மருத்துவம், ஹோமியோபதி இடங்களில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு. 2022 ஏப்ரலில் சென்னை உயர்நீதிமன்றமும் இதைச் செல்லும் என்று உறுதிசெய்தது. இந்த ஒதுக்கீட்டில் தனியார் கல்லூரியில் இடம் கிடைத்தாலும் கட்டணத்தை அரசே ஏற்கிறது. போட்டி அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குள் மட்டும் என்பதால், பொதுப் போட்டியில் இடம் கிடைக்காத மதிப்பெண்ணுக்கும் இங்கே வாய்ப்பு உண்டு.

அரசுப் பள்ளி என்றால் எது? நம் பகுதியில் இருக்கும் மாநகராட்சி மேல்நிலைப் பள்ளிகள், அதாவது "சென்னைப் பள்ளிகள்", இதில் சேரும். ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் போன்ற பிற அரசுத் துறைப் பள்ளிகளும் சேரும். அரசு உதவி பெறும் பள்ளிகள் சேராது. நம் சமுதாய நிர்வாகத்தில் நடக்கும் பள்ளிகளில் பல உதவி பெறும் பள்ளிகள்தான். சம்பளத்தை அரசு தருகிறது, புத்தகம் அரசு தருகிறது, ஆகவே இதுவும் அரசுப் பள்ளிதான் என்று பெற்றோர் நினைத்துவிடுகிறார்கள். கவுன்சலிங் வரிசையில் நிற்கும்போதுதான் விஷயம் தெரிகிறது. அந்தப் பள்ளிகளில் சேர்க்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. நம் முன்னோர் பாடுபட்டு உருவாக்கிய நிறுவனங்கள் அவை, ஒழுக்கச் சூழலும் உண்டு. ஆனால் தெரிந்து முடிவெடுங்கள். நிர்வாகிகளும் சேர்க்கையின்போதே பெற்றோரிடம் இதைச் சொல்லிவிட வேண்டும்.

தனியார் பள்ளியில் கல்வி உரிமைச் சட்டத்தின்கீழ் இலவசமாகச் சேர்ந்து எட்டாம் வகுப்பு வரை படித்த பிள்ளை, ஒன்பதாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளிக்கு வந்தாலும் இந்த ஒதுக்கீட்டுக்குத் தகுதி பெறும். எட்டாம் வகுப்போடு அந்தச் சலுகை முடியும்போது என்ன செய்வது என்று திகைக்கும் வீடுகளுக்கு இது நல்ல வழி.

அடுத்து, ஹிஃப்ளு மதரஸாவுக்கு அனுப்பும் குடும்பங்கள். ஏழாம் வகுப்பில் பள்ளியை நிறுத்தி மூன்று ஆண்டு குர்ஆன் மனனம் செய்துவிட்டு, தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்பு எழுதி, பிளஸ் ஒன்னுக்கு அரசுப் பள்ளிக்கு வரும் பையன் 7.5 ஒதுக்கீட்டை இழந்துவிடுகிறான். நீட் எழுத அவனுக்குத் தடை இல்லை. திறந்தநிலைப் பள்ளியில் பிளஸ் டூ முடித்தவர்களும் இப்போது எழுதலாம். ஆனால் அந்த உள் ஒதுக்கீடு போய்விடும். ஹாஃபிழாகவும் டாக்டராகவும் ஆக வேண்டும் என்று ஆசைப்பட்டால், ஐந்தாம் வகுப்புக்குள் ஹிஃப்ளை முடிப்பது, அல்லது அரசுப் பள்ளியை விடாமல் காலை, மாலை வகுப்பில் தொடர்வது என்று முன்கூட்டியே திட்டமிட வேண்டும். மதரஸா நிர்வாகங்களும் பகல் பள்ளியோடு பொருந்தும் நேரத்தை யோசிக்கலாம். நான் ஓதிய காலத்தில் இந்தக் கேள்வியே எழவில்லை. இன்று எழுகிறது.

நமக்கு உரிய 3.5

2007 முதல் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு தனி ஒதுக்கீடு இருக்கிறது. அன்சார், தக்னி முஸ்லிம், தூதேகுலா, ராவுத்தர், மரைக்காயர் உள்ளிட்ட லப்பை, மாப்பிள்ளா, ஷேக், சையத் ஆகிய 7 பிரிவுகள் இதில் வரும். நம் பக்கத்து ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியையே கணக்குக்கு எடுத்துக்கொள்வோம். 250 இடம். அகில இந்திய ஒதுக்கீட்டுக்கு 15 விழுக்காடு போனால் சுமார் 212 மீதி. அதில் 3.5 விழுக்காடு என்றால் ஏழு இடம். 7.5 விழுக்காடு என்றால் பதினைந்து, பதினாறு இடம். ஒரே கல்லூரியில், ஒவ்வோர் ஆண்டும்.

இதற்குச் சாதிச் சான்றிதழ் சரியாக இருக்க வேண்டும். சான்றிதழில் "முஸ்லிம்" என்று மட்டும் இருந்தால் போதாது, உட்பிரிவும் இருக்க வேண்டும். தகப்பனார் சான்றிதழில் லப்பை, பிள்ளையின் பள்ளிப் பதிவேட்டில் ஷேக் என்று இருக்கும் வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். பெயரின் முதல் எழுத்து ஆதாரில் ஒன்று, மதிப்பெண் பட்டியலில் ஒன்று என்றும் இருக்கும். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல் அச்சாவதற்கு முன்பே, அதாவது ஒன்பதாம் வகுப்பிலேயே, இதைச் சரிசெய்துவிடுங்கள். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வட்டாட்சியர் அலுவலகம் வழியாகச் சான்றிதழ் வரச் சில வாரங்கள் ஆகலாம். அகில இந்திய இடங்களுக்கு மத்திய அரசின் ஓ.பி.சி. பட்டியல் தனி, வருமான வரம்பும் தனி. மாநிலப் பட்டியலில் இருக்கும் எல்லாப் பிரிவும் அங்கேயும் இருக்கும் என்று எண்ணிவிடாமல் முதலில் பாருங்கள். வளைகுடாவில் பிள்ளையைப் படிக்க வைத்துவிட்டுத் திரும்பும் குடும்பங்களுக்கு இருப்பிடச் சான்றிதழும் வேண்டும்.

பெண் பிள்ளைகள்

நம் பகுதியில் மதிப்பெண் அதிகம் எடுப்பவர்கள் பெண்கள்தான். ஆனால் பக்கத்துப் பெண்கள் பள்ளியில் அறிவியல் குரூப் இல்லை, அல்லது இடம் முடிந்துவிட்டது, இரண்டு நிறுத்தம் தள்ளி அனுப்ப மனமில்லை என்று வணிகவியலில் சேர்த்துவிடுகிறோம். வணிகவியல் நல்ல படிப்பு. அந்தப் பிள்ளை அதை விரும்பி எடுத்தால் சரி. பஸ் வழித்தடத்தைப் பார்த்து எடுத்தால் சரி இல்லை. ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மகப்பேறு மருத்துவமனைக்குப் போகும்போது பெண் டாக்டர்தான் பார்க்க வேண்டும் என்று நாமே கேட்கிறோம். அந்தப் பெண் டாக்டர் ஒரு காலத்தில் யாரோ ஒருவர் வீட்டிலிருந்து இரண்டு நிறுத்தம் தள்ளியிருந்த பள்ளிக்கு அனுப்பப்பட்ட பெண் பிள்ளைதானே?

கோச்சிங், அலைச்சல், மாற்று வழி

எண்ணூரிலிருந்தும் திருவொற்றியூரிலிருந்தும் அண்ணா நகர் கோச்சிங் மையத்துக்குப் பிள்ளையைத் தினமும் அனுப்புகிறார்கள். கன்டெய்னர் லாரி வரிசை நிற்கும் சாலையில் போக வர மூன்று மணி நேரம் கரைகிறது. அந்த நேரத்தில் பிள்ளை தூங்கியிருந்தால்கூட அதிக நன்மை. பிளஸ் ஒன், பிளஸ் டூ இரண்டு ஆண்டும் பள்ளிப் பாடமும் பழைய நீட் கேள்வித்தாள்களும், வாரம் ஒரு மாதிரித் தேர்வும் போதும் என்பது என் கருத்து. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு அரசே இலவசப் பயிற்சி தருகிறது. பிளஸ் டூ முடித்து ஒரு முறை எழுதிப் பார்த்து, மதிப்பெண் எட்டும் தூரத்தில் இருந்தால் ஓராண்டு முழுநேரமாகத் தங்கிப் படிக்கலாம். பெயருக்கு ஒரு பள்ளியில் பதிவு, நாள் முழுதும் கோச்சிங் என்ற ஏற்பாட்டில் மட்டும் மாட்டிக்கொள்ளாதீர்கள். வருகைப் பதிவில் சிக்கல் வந்தால் பிளஸ் டூவே கேள்விக்குறியாகும்.

பொதுத்தேர்வு மதிப்பெண்ணை அலட்சியம் செய்வதும் ஆபத்து. பி.எஸ்.சி. நர்சிங், பி.ஃபார்ம்., மாநில ஒதுக்கீட்டில் கால்நடை மருத்துவம் போன்றவற்றுக்குத் தமிழ்நாட்டில் பிளஸ் டூ மதிப்பெண்ணைப் பார்த்தே இடம் தந்து வருகிறார்கள். வேப்பேரியில் இருக்கும் சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி நமக்குக் கூப்பிடு தூரம். நம் வீடுகளில் அதைப் பற்றிப் பேசுவதே இல்லை. அரும்பாக்கத்தில் அரசு யுனானி மருத்துவக் கல்லூரி இருக்கிறது. யுனானியும் சித்தாவும் நீட் வழிதான், 7.5 ஒதுக்கீடு அவற்றுக்கும் உண்டு. அரபி, உருது எழுத்து தெரிந்த பிள்ளைக்கு யுனானி நூல்கள் அந்நியமாக இராது.

இவ்வளவு சிரமப்பட்டு ஏன் டாக்டராக வேண்டும் என்று கேட்கலாம். 1782 பஞ்சத்தில் ஏழைகளுக்குக் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரத்திலிருந்து வளர்ந்ததுதான் ஸ்டான்லி மருத்துவமனை. துறைமுகத்திலும் ஆலைகளிலும் எந்திரத்தில் கை சிக்கியவர்கள் வந்துகொண்டே இருந்ததால், கை அறுவை சிகிச்சைக்கென்று நாட்டுக்கே முன்னோடியான துறை அங்கே டாக்டர் ஆர். வெங்கடசாமியின் முயற்சியில் உருவானது. 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூரில் அமோனியா கசிந்தபோது மூச்சுத் திணறியவர்களை ஆம்புலன்ஸ்கள் அந்த ஸ்டான்லிக்கும் கொண்டு சென்றன. ராயபுரத்தில் டாக்டர் ஜெயச்சந்திரனும் வியாசர்பாடியில் டாக்டர் திருவேங்கடமும் ஐந்து ரூபாய்க்கு வைத்தியம் பார்த்து மக்கள் மனதில் இடம் பிடித்தவர்கள். இருவரும் மறைந்துவிட்டார்கள். அந்த நாற்காலிகளில் உட்கார இந்தத் தெருக்களை அறிந்த பிள்ளைகள் வர வேண்டும்.

ரமலானும் தேர்வும்

சில ஆண்டுகளாகப் பிளஸ் டூ பொதுத்தேர்வு ரமலானோடு சேர்ந்தே வந்தது. ரமலான் ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னே நகர்கிறது. 2026 ஜூனில் பிளஸ் ஒன் சேரும் பிள்ளை 2028 மார்ச்சில் பொதுத்தேர்வு எழுதும். அந்த ஆண்டு ரமலான், பிறையைப் பொறுத்து, ஜனவரிக் கடைசியில் தொடங்கும். அதாவது திருப்புதல் தேர்வும் செய்முறைத் தேர்வும் நோன்பில் வரும். ஸஹருக்கு எழுந்த பிறகு ஃபஜ்ரு முடித்துப் படிக்கும் இரண்டு மணி நேரம் அந்த மாதத்தின் சிறந்த நேரம். தராவீஹுக்குப் பிறகு நள்ளிரவு வரை விழிப்பதை விட்டுவிடுங்கள்.

நீட் வழக்கமாக மே மாதத் தொடக்கத்தில் ஞாயிறு பிற்பகல் 2 மணிக்குத் தொடங்கி 5 மணிக்கு முடியும். ஒன்றரை மணிக்கு வாசலை மூடிவிடுவார்கள். சென்னையில் அப்போது ளுஹர் பன்னிரண்டேகாலுக்குள் வந்துவிடும். ஆகவே முதல் நாளே தேர்வு மையத்தையும் பக்கத்துப் பள்ளிவாசலையும் பார்த்து வைத்துக்கொண்டு, தொழுதுவிட்டு உள்ளே போகலாம். அஸரை வெளியே வந்து தொழ நேரம் இருக்கும். ஹிஜாப் அணியும் பெண்களுக்கு அனுமதி உண்டு. ஆனால் சோதனைக்காக மற்றவர்களைவிட முன்னதாக வர வேண்டும் என்பது விதி. விண்ணப்பத்தில் அதைக் கேட்கும் இடத்தில் மறக்காமல் குறித்துவிடுங்கள், ஊசி, புரோச் எதுவும் குத்தாதீர்கள். அனுமதிச் சீட்டு, அதில் கேட்ட புகைப்படம், அசல் அடையாள அட்டை, ஒளி ஊடுருவும் பாட்டிலில் தண்ணீர். தந்தையோ அண்ணனோ வாசலில் காத்திருக்கட்டும், ஐந்து மணி வரை போனில் கூப்பிட முடியாது.